இறப்பரும் பாதையும்: ஏட்டறிவும் பட்டறிவும்

ஏட்டறிவுக்கும் பட்டறிவுக்கும் இடையே எழும் முரண்பாடு மெய்யியலாருக்கு மட்டும் உரியதன்று. மோட்டார் வண்டியின் ரயர் பாதையைப் பற்றும் விதத்தை மனிதர் அறிந்துகொண்ட வரலாறும் அம்முரண்பாட்டின் வரலாறேயாகும்.

1699இல் பிரெஞ்சு அறிஞர் அமொந்தொன் உராய்வு விதிகளை வகுத்தார். உராய்வு சுமைக்கு விகிதசமமானது. தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்பன அவை. 1785இல் கூலோம் அவற்றை விரிவுபடுத்தினார். இவ்விதிகளின்படி அகன்ற ரயரும் ஒடுங்கிய ரயரும் ஒரே பிடிமானத்தையே தரல் வேண்டும். உராய்வுக் குணகம் ஒன்றை விஞ்சாது என்ற எண்ணமும் நிலவியது. அதனை ஏற்றுக் கணித்தால், நின்ற நிலையிலிருந்து புறப்படும் வண்டி கால் மைலைக் கடக்க ஏறத்தாழ 9 செக்கன் தேவை. இறுதி வேகமும் மணிக்கு 200 மைலை எட்டாது.

பந்தயக்காரர் இக்கணிப்புக்குள் அடங்கவில்லை. 1964 ஆகஸ்டில் அமெரிக்கரான டொன் கார்லிற்ஸ் அகன்ற, மென்மையான ரயர்களுடன் அத்தூரத்தை 7.78 செக்கனில், மணிக்கு 201 மைல் வேகத்துடன் கடந்தார். விதி பொய்த்ததா? இல்லை; அவ்விதி இறப்பருக்கென வகுக்கப்பட்டதன்று. இறப்பர் பாதையோடு ஒட்டுகின்றது. அதன் கரடுமுரடுகளுக்கேற்ப நெளிந்து சக்தியையும் இழக்கின்றது. இவ்விரண்டுமே பிடிமானத்தைத் தருகின்றன என்பதை 1963இல் குரோஷ் நிறுவினார். அவர் பணியாற்றிய இங்கிலாந்து ஆய்வு நிலையம் மலாயா இறப்பர் உற்பத்தியாளரின் நிதியில் இயங்கியது. அந்நிதிக்குப் பின்னால் பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் இருந்ததை நாம் மறத்தலாகாது.

ஆயின், பட்டறிவே போதுமானதெனக் கொள்ளலாமா? உலர்ந்த பந்தயத் தடத்தில் தவாளிப்பற்ற ரயரே சிறந்தது. 1971 முதல் முதற்தரக் கார்ப் பந்தயங்களிலும் அது பயன்பட்டது. தேய்ந்த ரயர் நன்றாகப் பிடிக்கும் என்னும் சாரதியின் கூற்றும் உலர்ந்த பாதையில் முற்றிலும் பொய்யன்று. ஆனால், மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக றிவஸ்டனுக்கு ஏறும் கொண்டையூசி வளைவுகளில் வடகீழ்ப் பருவமழை பொழியும்போது அதே நம்பிக்கை உயிரைப் பறிக்கக்கூடும். நீரை வெளியேற்றத் தவாளிப்பில்லாத ரயர் பாதையைத் தொடாது நீர்ப்படலத்தின்மீது வழுக்குகின்றது. பல மாதம் பிழைக்காத அனுபவம் ஒரு மழைநாளில் பிழைத்துவிடுகின்றது.

எனவே, கொள்கையின் குறையைப் பட்டறிவு காட்டுகின்றது. பட்டறிவின் எல்லையைக் கொள்கை காட்டுகின்றது. இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பும் சாரதி தன் உயிரை மட்டுமன்றி, தன்னை நம்பி ஏறியோரின் உயிரையும் பணயம் வைக்கின்றான். பால்வெட்டும் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் அவ்வண்டியில் இருக்கின்றனர்.