கொடுத்த விமானம் பறக்க எத்தனை நாள்?

2022 மார்ச் 8. தன்னிடமிருந்த மிக்-29 போர் விமானங்கள் முழுவதையும் ஜேர்மனியிலுள்ள ராம்ஸ்டைன் அமெரிக்கத் தளத்துக்கு அனுப்பத் தயார் என்று போலந்து அறிவித்தது. அங்கிருந்து அவை உக்ரைனுக்குப் போகவேண்டும் என்பது திட்டம். பென்டகன் மறுத்துவிட்டது. நேட்டோ தளமொன்றிலிருந்து கிளம்பும் விமானம் நேரே போர் நடக்கும் வானத்துக்குள் போனால் ரஷ்யா சும்மா இருக்குமா என்ற பயம். கொடுக்க ஆள் இருக்கு, விமானமும் இருக்கு, பிறகென்ன பிரச்சினை என்று கேட்கத் தோன்றும். 1939இன் பின்லாந்தைப் பார்த்தால் பயம் மட்டும் பிரச்சினையில்லை என்பது விளங்கும்.

1939 நவம்பர் 30இல் சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியது. உலகமே பின்லாந்துக்காக இரங்கியது. பிரித்தானியா 30 கிளாடியேட்டர் விமானங்களை அனுப்பியது. அதில் 10 அன்பளிப்பு, மிச்சம் காசுக்கு. பிரான்ஸ் 30 மொரான்களைக் கொடுத்தது. இத்தாலியிடம் 35 ஃபியட்டுகளும் அமெரிக்காவிடம் 44 புரூஸ்டர்களும் வாங்க ஒப்பந்தமானது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் புரூஸ்டர் அத்திலாந்திக்கைத் தாண்டிப் பறக்க ஏலாது. கழற்றிப் பெட்டியில் அடைத்து, கப்பலில் நோர்வேக்குக் கொண்டுவந்து, ரயிலில் சுவீடனுக்கு ஏற்றி, அங்கே திரும்பப் பூட்டி, பிறகுதான் பின்லாந்துக்குப் பறக்கலாம். ஃபியட்டுகளுக்கு ஜேர்மனி ரயில் பாதையை மறுத்தது, ஏனெனில் அப்போது ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தக்காரர்கள். போரோ 105 நாளில் முடிந்துவிட்டது. புரூஸ்டர்கள் அந்தப் போரில் ஒரு சண்டைகூடப் பிடிக்கவில்லை.

வந்து சேர்ந்தவையும் லேசான தலையிடி இல்லை. மொரானின் இயந்திரத் துப்பாக்கிக்கு 7.5 மில்லிமீற்றர் ரவை, கிளாடியேட்டருக்கு 7.7. ஃபியட்டுக்கும் புரூஸ்டருக்கும் பெயரளவில் ஒரே 12.7தான், ஆனால் ஒன்றின் ரவை மற்றதில் ஏறாது. ஒரு விமானத்தின் கருவிகள் மைலில் காட்டும், இன்னொன்று கிலோமீற்றரில். ஒவ்வொரு நாட்டுக் கைநூலும் ஒவ்வொரு மொழியில். உறைபனிக்குள் நின்று இதையெல்லாம் பழுதுபார்த்த மெக்கானிக்குகளைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. சுவீடன் மட்டும் புத்தியாக நடந்தது என்பேன். 12 கிளாடியேட்டர்களோடு கொஞ்சம் குண்டுவீச்சு விமானங்களையும், அவற்றுக்கான தொண்டர் விமானிகளையும் தரைப் பணியாளர்களையும் ஒன்றாகவே அனுப்பியது.

1973 ஒக்டோபர் போரில் கதை வேறு. அமெரிக்க விமானிகளே பான்டம் விமானங்களைப் போர்த்துக்கல்லின் அசோரஸ் தீவுகள் வழியாக இஸ்ரேலுக்கு ஓட்டிவந்தார்கள். இஸ்ரேலிய விமானிகள் அவற்றை எடுத்துச் சண்டைக்குப் போனார்கள். 1969 முதல் அங்கே பான்டம் பறந்துகொண்டிருந்ததால் விமானி, மெக்கானிக், உதிரிப்பாகம் எல்லாம் ஏற்கனவே தயார்.

உக்ரைனில் இந்த இரண்டு கதையும் நடந்தது. 2023 வசந்தத்தில் போலந்தும் சுலோவாக்கியாவும் கடைசியில் மிக்-29களைக் கொடுத்தபோது, உக்ரைன் விமானிகளுக்கு அது பழகிய விமானம். எஃப்-16 அப்படியில்லை. நெதர்லாந்தும் டென்மார்க்கும் 2023 ஓகஸ்ட்டில் தருவதாக அறிவித்தன. உக்ரைன் அவற்றை உலகுக்குக் காட்டியது 2024 ஓகஸ்ட் 4இல். இடையில் விமானிகள் ஆங்கிலம் படிக்க வேண்டியிருந்தது. ஓடுபாதையையும் துப்புரவாக்க வேண்டும்: எஃப்-16இன் காற்று உள்ளிழுக்கும் வாய் நிலத்துக்குக் கிட்ட இருப்பதால் கல்லு, தூசி உள்ளே போய்விடும். மிக்-29இல் ஓடும்போது அந்த வாயை மூடக் கதவே உண்டு.

சரி, பிந்தி வந்த அந்தப் புரூஸ்டர்களுக்கு என்ன நடந்தது? 1941இல் பின்லாந்து ஜேர்மனியோடு சேர்ந்து திரும்பவும் சோவியத்தோடு மோதியபோது அவை பிரமாதமாகச் சண்டை பிடித்தன. ஆனால் அமெரிக்காவிலிருந்து உதிரிப்பாகம் வர வழியில்லை. அமெரிக்க இயந்திரமொன்றின் உரிமம் வாங்கி சோவியத் வளர்த்தெடுத்த எம்-63 வகை இயந்திரங்கள் போரில் அகப்பட்டன. பின்லாந்து மெக்கானிக்குகள் அவற்றைச் சில புரூஸ்டர்களில் பூட்டிப் பறக்கவிட்டார்கள்.