லிந்துலை லயத்து அடுப்பு: பசிக்கும் ஆறுதலுக்கும் இடையே ஒரு வரலாறு

நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் வழியில், கடல்மட்டத்துக்கு 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது லிந்துலை. சுற்றிலும் தேயிலை மலைகள். அவற்றில் கொழுந்தெடுக்கும் மக்களின் உணவுப் பழக்கம் சோறு, ரொட்டி, தேத்தண்ணி என்ற மூன்றையும் சுற்றி அமைந்தது. வயிற்றுப் பசிக்கு மட்டுமல்லாமல் களைப்புக்கும் குளிருக்கும் கவலைக்கும் இந்த மூன்றுமே மருந்தாகின. அந்தப் பழக்கம் தோட்ட முறையிலேயே உருவானது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1869இல் கோப்பியில் இலைநோய் பரவத் தொடங்கிய பிறகு தேயிலைக்காகவும், திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து மக்கள், ஆள்சேர்த்து மேற்பார்வை செய்த கங்காணிமாரின் கீழ் மலைநாட்டுக்கு வந்தார்கள். ஊரில் கம்பு, கேழ்வரகு, சோளம் என்று பல தானியம் உண்டவர்களுக்குத் தோட்டத்தில் கிடைத்தது பெரும்பாலும் இறக்குமதி அரிசியே. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மூட்டைகளாக வந்த அந்த அரிசியைத் தோட்ட நிர்வாகம் அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. இந்தியத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலியுடன் அரிசி வழங்கலையும் சேர்த்தே ஒழுங்குபடுத்தியது. இவ்வாறு எதை உண்பது, எவ்வளவு உண்பது என்ற தீர்மானம் வீட்டுக்காரியின் கையில் இல்லாமல் தோட்டத்துக் கணக்கேட்டில் இருந்தது.

1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. இலங்கையில் உணவுப் பங்கீடு வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா கொடுக்கப்பட்டது. போர் முடிந்தும் மாவின் இடம் குறையவில்லை. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு அது நாடெங்கும் இன்னும் எளிதாகக் கிடைத்தது. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் ரொட்டி நிலைத்ததற்கு வேலை நேரமும் காரணம். விடிவதற்கு முன் எழும் பெண், பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போவதற்குள் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் தனக்கும் சமைத்தாக வேண்டும். மாவில் உப்பும், கையில் காசிருந்தால் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போட்டால் சிறிது நேரத்தில் ரொட்டி தயார். துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோகலாம். நேரமானாலும் கெடாது. மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல் அதற்குத் துணை.

அதனுடன் தேத்தண்ணி. தோட்டத்தில் கிடைக்கும் தூளில் சாயம் இறக்கி, பாலில்லாமல், சீனியைக் கரைத்தோ உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டோ குடிப்பது வழக்கம். மழையில் நனைந்து, அட்டைக்கடியுடன், கூடைச் சுமையை இறக்கிவைத்த பெண்ணுக்குச் சூடும் இனிப்பும் உடனே தெம்பு தரும். மானுடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட நூலில், சீனி போட்ட தேநீர் இங்கிலாந்துத் தொழிலாளரின் உணவில் எப்படி இடம்பிடித்தது என்று விளக்கினார். மலிவான சக்தி, உடனடிச் சூடு, சமைக்க நேரமில்லாத வீட்டுக்கு ஒரு கைமருந்து என அங்கு செய்த அதே வேலையை இனிப்புத் தேநீர் கொழுந்தெடுத்தவர்களிடமும் செய்தது. பசியை அமர்த்த வெற்றிலையும் உதவியது.

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு இந்த மக்களின் நினைவில் ஆழமாகப் பதிந்தது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, பங்கீடு வெட்டப்பட்டது. வயல் உள்ள கிராமத்தவர் ஓரளவு சமாளித்தனர். நிலமற்ற, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் இழந்திருந்த தோட்ட மக்களுக்கு அந்த வழி இல்லை. கீரையும் கிழங்கும் தேடி உண்டார்கள். பலர் நகரங்களுக்குக் கையேந்தப் போனார்கள். 1974இல் தோட்டப்புற இறப்பு வீதம் உயர்ந்தது.

இத்தகைய பற்றாக்குறை மனத்தில் என்ன செய்யும் என்பதை 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு காட்டியது. அரைப்பட்டினியில் ஆறு மாதம் வைக்கப்பட்ட 36 இளைஞர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. கட்டுப்பாடு நீங்கிய பின்னும் பலர் வயிறு நிறைந்தும் அடங்காமல் உண்டார்கள். தீபாவளி முன்பணம் கைக்கு வந்ததும் லயமெங்கும் ஆட்டிறைச்சியும் பலகாரமும் மணப்பதை ஊதாரித்தனம் என்று பழிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மாதக்கணக்காக அளந்து உண்டவர்கள் ஒரு நாளாவது அளக்காமல் உண்ண விரும்புவது இயல்பு.

பசியையும் மனவேதனையையும் பிரித்தறிவது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்றார் உளமருத்துவர் ஹில்டே புரூக். எதற்கு அழுதாலும் ஊட்டப்படும் குழந்தை அந்தப் பாடத்தைக் கற்பதில்லை என்பது அவர் விளக்கம். இன்று ஆலோசகர்கள் சொல்வதும் இதை ஒட்டியதே: நேரத்துக்கு உண்ணுங்கள், எந்த உணவையும் குற்றமாக எண்ணாதீர்கள், கை உணவுக்குப் போகும்போது அது பசியா, களைப்பா, கவலையா என்று கேளுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் களைப்பு என்று தெரிந்த பிறகும் ஓய்வெடுக்க நேரமில்லாத பெண்ணுக்கு அது பாதி வழியே காட்டும்.

மீதி வழி தோட்டத்தின் நிலையைப் பொறுத்தது. தோட்டங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நாட்கூலி 1,000 ரூபாயானது 2021இல்தான். 2016ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் சுமார் 17 வீதமாகவும் தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதமாகவும் இருந்தனர். கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகும் மாவட்டத்தின் நிலை இது.

ஆகவே லிந்துலையில் உணவுடனான உறவு சீராக, மன உறுதி மட்டும் போதாது. லயத்தைச் சுற்றிக் கீரையும் அவரையும் போட நிலம் வேண்டும். பிள்ளைக்காம்பரா என்னும் குழந்தைக் காப்பகத்திலும் பள்ளியிலும் பருப்பும் முட்டையும் தவறாமல் கிடைக்க வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு நடுப்பகலில் உட்கார்ந்து, பேசிச் சிரித்து உண்ணும் நேரம் வேண்டும். சமையல் வேலையை ஆண்களும் பகிர வேண்டும். இவை அமைந்தால், இனிப்புத் தேத்தண்ணி ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடாக நிற்காமல், விரும்பிக் குடிக்கும் ஒரு கோப்பையாகவே இருக்கும்.