கடைக் கணினியில் தங்கிவிடும் சான்றிதழ்

மஸ்கெலியாப் பக்கத்து லயம் ஒன்றில் தகரப்பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் போனில் படம் பிடிக்கிறார்கள். மகனுக்குக் கொழும்பில் வேலை. முதலாளி பிரதி கேட்கிறார். படம் ஹட்டன் டவுனிலுள்ள கொமியூனிகேஷன் கடையின் வட்ஸ்அப்புக்குப் போகிறது. மலையகத்தில் அன்றாடம் நடப்பதுதான். அதன் பிறகு அந்தப் படம் எங்கெல்லாம் போகிறது என்பதை யாரும் பின்தொடர்வதில்லை.

கடைக்காரத் தம்பி அதைக் கணினியில் இறக்கியதும் படத்துக்குப் புதுப்பெயர் வந்துவிடுகிறது: 'வட்ஸ்அப் இமேஜ்' என்ற சொல்லும், கூடவே தேதியும் நேரமும். பெயரை வைத்து யாருடைய சான்றிதழ் என்று சொல்ல முடியாது. அச்சிடுவதற்காகத் திறந்த அந்த நொடியில் 'அண்மைக் கோப்புகள்' பட்டியலில் அது முதலிடத்தில் ஏறி உட்கார்கிறது.

அந்தப் பட்டியலின் வரிசைக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. யுனிக்ஸ் கணினிகள் 1970களிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் கடைசியாக மாற்றிய நேரம், கடைசியாகப் படித்த நேரம் இரண்டையும் குறித்து வைத்தன. ஒரு கோப்பைச் சும்மா படித்தாலும் வட்டில் ஒரு தடவை எழுத வேண்டியிருந்ததால் வேகம் குறைந்தது. அதனால் விண்டோஸ் விஸ்டா அந்தப் பதிவை இயல்பாகவே நிறுத்திவைத்தது; லினக்ஸும் 2009இல் அதை வெகுவாகச் சுருக்கியது. ஆகவே, படித்த நேரத்தை நம்பிப் பட்டியல் போட முடியாது. அதற்கென்று தனிக் குறிப்பேடு தேவைப்பட்டது.

விண்டோஸ் 95 தொடக்கப் பட்டியில் 15 ஆவணங்களைக் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் 'ரீசன்ட்' என்ற கோப்புறையில் ஒரு குறுக்குவழிக் கோப்பு உண்டு. ஆவணத்தை மறுபடி திறந்தால் அந்தக் குறுக்குவழியின் தேதி புதிதாகி, ஆவணம் மேலே வந்துவிடும். லினக்ஸில் 2006 முதல் ஜிடிகே என்ற மென்பொருள் நூலகம் ஒரே கோப்பில் எல்லாவற்றையும் எழுதுகிறது. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று நேரங்கள்: சேர்த்தது, மாற்றியது, பார்த்தது. இதிலுள்ள 'மாற்றியது' பதிவு மாறிய நேரம். ஆவணம் மாறிய நேரம் வேறு. எந்த நேரத்தை வைத்து அடுக்குவது என்பது கோப்பு மேலாளரின் விருப்பம். பழைய பதிப்புகளில் பார்த்த நேரம் தெரியாதபோது 1969 டிசம்பர் 31, இரவு 11:59:59 என்று விழுந்துவிடும். யுனிக்ஸ் காலக் கணக்கு தொடங்குவதற்கு ஒரு நொடி முந்தைய நேரம் அது. அதை நம்பி அடுக்கினால் இன்று காலை வந்த சான்றிதழ் பட்டியலின் அடியில் கிடக்கும்.

அதே சான்றிதழைத் திறக்காமல் பென்டிரைவுக்குப் பிரதி எடுத்தால் பட்டியலில் பொதுவாக ஒன்றும் பதிவாகாது. திறந்தவனைச் சொல்லும் பட்டியல், தூக்கிக்கொண்டு போனவனைச் சொல்லாது. படமும் கடைக் கணினியிலேயே கிடப்பதால், அடுத்த வாடிக்கையாளர் அது இருக்கும் கோப்புறையைத் திறக்கும்போது சின்னப் படமாக அந்தச் சான்றிதழ் அவர் கண்முன் நிற்கும்.

வேறு ஊரில் இது சிறு கவனக்குறைவாக இருக்கலாம். மலையகத்தில் அப்படி விட முடியாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு, அத்தாட்சி கேட்டது. காட்டக் காகிதமில்லாமல் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அதற்குப் பின்னும் நாடற்றவராகவே எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. ஒரு துண்டுக் காகிதத்துக்காக இரண்டு தலைமுறை அலைந்த மக்களின் சான்றிதழ், பேர் தெரியாதவர் பார்வையில் கிடக்கக் கூடாது.

பட்டியலை அழிப்பது எளிது. விண்டோஸில் கோப்புறை விருப்பங்களில் தனியுரிமைப் பகுதியில் 'கிளியர்' பொத்தான் உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸில் அமைப்புகளிலுள்ள தனியுரிமைப் பக்கத்தில் கோப்பு வரலாற்றை அழிக்கலாம். ஆனால் பட்டியல் போனாலும் படம் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் அப்படியே இருக்கும். அதைத் தனியே அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். கடையின் வட்ஸ்அப்பிலும் நீக்க வேண்டும். கடை நடத்தும் தம்பி, தங்கைமாரே, காசை வாங்கிப் போடும் முன் இதையும் செய்துவிடுங்கள். பிரதி எடுக்கப் போகிறவர்களே, அழித்துவிட்டார்களா என்று கேட்டுப் பார்த்துவிட்டே பஸ் ஏறுங்கள்.