கையிலிருந்து வலையமைப்புக்கு: கொழும்பின் மின், நீர்க் கட்டுப்பாட்டுக் கருவிகளும் அவற்றின் பாதுகாப்புக் குறைகளும்

2016 மார்ச் 13 அன்று பியகமவில் ஒரு மின்மாற்றி வெடித்தது. 2020 ஆகஸ்ட் 17 அன்று கெரவலப்பிட்டிய உப மின்நிலையத்தில் பராமரிப்பின்போது ஒரு தவறு நேர்ந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது. மூன்று முறையும் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. 2020இலும் 2025இலும் நுரைச்சோலை அனல்மின் நிலையம் உடனே மீளவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது.

இவை எவரும் திட்டமிட்டுச் செய்தவை அல்ல. ஆயினும் ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் தீவே இருளும் என்பதை இந்த விபத்துகள் உலகறியச் செய்துவிட்டன. அந்த ஓரிடத்தை இயக்கும் அதிகாரம் ஊழியரின் கையிலிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து வலையமைப்புக்கும் கைமாறிய வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது. இன்றைய பாதுகாப்புக் குறைகளில் பெரும்பாலானவை, உள்ளே இருப்பவர் நம்பத்தக்கவர் என்ற பழைய எண்ணத்தின் எச்சங்கள் என்பதே இதன் வாதம்.

கொழும்பில் மின்விநியோகம் தொடங்கியது 1895இல், கோட்டைப் பகுதியில். லக்சபான நீர்மின்சாரம் 1950இல் வந்தது. இலங்கை மின்சார சபை 1969இல் அமைந்தது. அக்காலத்தில் சுவிட்சைத் திருப்ப ஓர் ஆள் அதன் முன்னே போய் நிற்கவேண்டும். ஆகவே வாயிற்கதவையும் வேலியையும் காத்தால் போதுமாயிருந்தது. உள்நாட்டுப் போர்க்காலம் இந்த எண்ணத்தை மேலும் இறுக்கியது. 1995 ஒக்டோபரில் கொலன்னாவ எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டன. எங்கும் மண்மூட்டையும் முட்கம்பியும் காவலரணும் பெருகின. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சோதனைச் சாவடிகள் மறந்திருக்காது. பாதுகாப்பு என்றால் ஆட்களை மறிப்பது என்றே ஒரு தலைமுறை பழகிற்று.

இதற்கிடையே உலகின் ஆலைகளுக்குள் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் மொடிகொன் நிறுவனத்தின் பி.எல்.சி. உருவானது. மோட்டாரை ஓட்டுவது, வால்வைத் திறப்பது, அழுத்தம் மிஞ்சினால் நிறுத்துவது போன்ற வேலைகளை நிரல்படி செய்யும் சிறு கணினி அது. 1979இல் அதே நிறுவனம் மொட்பஸ் என்ற தொடர்பு முறையை வெளியிட்டது. மொட்பஸில் வரும் கட்டளை எந்த முகவரியில் எதை எழுதவேண்டும் என்று சொல்லும். அனுப்பியவர் யார் என்று சொல்லாது. கருவியும் கேட்காது. அதை வடிவமைத்தவர்களை இதற்காகக் குறைகூற முடியாது. அந்தக் கம்பி அன்று ஆலைச் சுவரைத் தாண்டியதில்லை. பின்னர் அதே முறையை ஈதர்நெட்டிலும் இணையத்திலும் ஏற்றியபோது அடையாளச் சோதனையைச் சேர்க்காமல் விட்டதுதான் பிழை. மொட்பஸ் இன்றும் பரவலாகப் புழங்குகிறது.

2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ஈரானின் நத்தான்ஸில் சீமென்ஸ் கருவிகளின் நிரலையே மாற்றி, கருவியைக் கொண்டு இயந்திரத்தை உடைக்கலாம் என்று காட்டியது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் இணையத் தாக்குதலால் ஏறத்தாழ 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. இயக்குநர்களின் கண்முன்னே திரையில் சுட்டி தானாக நகர்ந்து சுவிட்சுகளைத் திறந்தது. உப மின்நிலையங்களின் தொடர்புக் கருவிகளில் இருந்த மென்பொருளும் அழிக்கப்பட்டதால் தூரத்திலிருந்து மீட்க வழியில்லாமல் போயிற்று. ஊழியர்கள் வாகனமேறிச் சென்று கையால் சுவிட்சுகளை மூடினார்கள். சில மணித்தியாலங்களில் மின்சாரம் திரும்பியது. கையால் இயக்கும் பழக்கம் அங்கே அழியாமல் இருந்தது.

கொழும்புக்கு இவற்றைவிட நெருக்கமான பாடம் 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிக்கிப்பா என்ற சிற்றூரில் கிடைத்தது. அங்கே குடிநீர் அழுத்தத்தைப் பேணும் நிலையத்தின் யுனிட்ரொனிக்ஸ் கருவியைத் தாக்கியோர் கைப்பற்றினர். அவ்வகைக் கருவிகள் 1111 என்ற கடவுச்சொல்லுடனேயே ஆலையிலிருந்து வருபவை. மாற்றப்படாத பல இணையத்தில் வெளிப்படையாக நின்றன. அலிக்கிப்பா ஊழியர்கள் கைமுறை இயக்கத்துக்கு மாறியதால் குடிநீர் தடைப்படவில்லை. களனி கங்கையின் நீர் அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு நகருக்கு வருகிறது. ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் மேல்மாடிக்கு அதை ஏற்றுவது அக்கட்டிடத்தின் சொந்த மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும்தான். அந்தப் பெட்டி கைபேசிச் செயலியோடு இணைந்திருந்தால், அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேட்பது குடியிருப்பாளரின் உரிமை.

இதனினும் பெரியது கூரைச் சூரிய மின்சாரம். 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்துக்குப் பின் கூரைகளின் மொத்தக் கொள்ளளவு 1,000 மெகாவாட்டை மிஞ்சிவிட்டது. 2025 பெப்ரவரி மின்தடையின்போது தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். வலையமைப்பு நிலைகுலைய அதுவும் காரணம் என்று மின்சார சபை கூறியது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தொகுதிகளைப் பகலில் தாமாகவே நிறுத்திவைக்குமாறு சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வேண்டுகோள் விடுக்கவேண்டிய நிலை இருந்ததால்தான், கூரை மின்சாரத்தை வலையமைப்புக்கேற்ப மாற்றும் இன்வர்ட்டர்களைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் வசதி இனித் தவிர்க்கமுடியாதது என்கிறேன். ஆனால் அந்த வசதி யார் கையில் இருக்கும்?

5 கிலோவாட் இன்வர்ட்டர் ஒன்று நின்றால் வலையமைப்பு உணராது. அத்தகைய 60,000 இன்வர்ட்டர்கள் ஒரே கணத்தில் நின்றால் 300 மெகாவாட் போய்விடும். நுரைச்சோலையின் மூன்று அலகுகளில் ஒன்றுக்கு அது சமம். ஒரே உற்பத்தியாளரின் இன்வர்ட்டர்கள் பொதுவாக அவரது ஒரே மேகச் சேவையோடுதான் பேசுகின்றன. 2024 ஆகஸ்டில் பிட்டிபென்டர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் சோலார்மன், டெய் ஆகிய நிறுவனங்களின் மேகத்தளங்களில் பிறர் கணக்கைக் கைப்பற்ற இடமளிக்கும் ஓட்டைகளை வெளியிட்டது. 2025 மார்ச்சில் போர்ஸ்கவுட் நிறுவனம் சன்குரோ, குரோவொட், எஸ்.எம்.ஏ. தயாரிப்புகளில் 46 குறைகளைப் பட்டியலிட்டது. இவற்றுள் சில கொழும்புச் சந்தையில் சாதாரணமாகப் புழங்கும் பெயர்கள். ஒரு மின்நிலையத்துக்கு வேலியும் காவலும் போடும் நாடு, அதே அளவு மின்சாரம் தரும் கூரைகளின் சாவியை எங்கோ ஒரு சேவையகத்தில் விட்டுவைப்பது பெருந்தவறு.

குறைகளைக் களைவதென்றால் மென்பொருளைப் புதுப்பிப்பதே முதலில் நினைவுக்கு வரும். அலுவலகக் கணினிக்கு அது பொருந்தும். 2023 ஆகஸ்டில் அரச மேகக்கணிமை தாக்கப்பட்டு, சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதலான தரவுகள் மீளாமல் போனதற்கு, காலாவதியான மென்பொருளும் தனியாகப் பிரதி எடுத்து வைக்காமையும் காரணங்களாயின. ஆனால் உப மின்நிலையக் கருவி 15, 20 ஆண்டுகள் நிற்கும். புதுப்பிக்க மின்சாரத்தை நிறுத்தவேண்டும். அங்கே முதல் மருந்து, கட்டுப்பாட்டு வலையமைப்பை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்துவைப்பது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியொன்றில் தீநிரல் புகுந்தது; கட்டுப்பாட்டு வலையமைப்பு அதனின்று தனியாக இருந்தது என இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. 2021இல் இந்திய மத்திய மின்சார ஆணையம் இப்பிரிப்பை மின்துறை முழுவதற்கும் விதியாக்கியது.

அடுத்தது விற்பனையாளரின் தூர இணைப்பு. பழுது பார்க்கும்போது மட்டும் அது திறக்கவேண்டும், இரட்டைச் சரிபார்ப்போடு. கருவியின் முகப்பிலுள்ள சாவியும் முக்கியம். 2017இல் சவூதி பெட்ரோ இரசாயன ஆலையொன்றின் பாதுகாப்புக் கருவிகளில் அந்நியர் நிரல் எழுத முடிந்தது, அச்சாவி நிரல் எழுதும் நிலையிலேயே விடப்பட்டிருந்ததால்தான். எத்தனை கருவிகள், எந்த மென்பொருள் பதிப்பு, எதோடு இணைப்பு என்ற பதிவேடு இல்லாமல் இவற்றில் எதையும் தொடங்க முடியாது.

சட்டம் பின்தங்கியே வந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றம் நடந்தபின் தண்டிப்பது. அத்தியாவசியக் கட்டமைப்புகளை நடத்துவோர் முன்கூட்டியே செய்யவேண்டியதைச் சொல்லும் இணையப் பாதுகாப்புச் சட்டமூலமோ 2019இல் வரைவாக வெளியாகி, 2023இல் மீண்டும் வரையப்பட்டது. இன்வர்ட்டர் இறக்குமதிக்கும் கூரை இணைப்பு அனுமதிக்கும் பாதுகாப்பு நிபந்தனைகளை விதிக்க, மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவே முன்வரலாம். தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மோட்டார்ப் பெட்டியின் கடவுச்சொல்லையும் இன்வர்ட்டரின் கடவுச்சொல்லையும் இந்த வாரமே மாற்றுங்கள். பொருத்தியவரின் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மோட்டாரைக் கையால் இயக்கக் காவலாளிக்குக் கற்றுக்கொடுங்கள்.