மிதிவண்டியிற் பிறந்த கார்

பெரிய கார்களின் சரித்திரத்தைப் பலர் எழுதியுள்ளனர். சைக்கிளில் ஆபீசுக்குச் சென்று வரும் நம் காலனி அன்பர்களுக்கு, சைக்கிளின் வழியே பிறந்த ஒரு சிறு காரின் வரலாற்றைக் கூற விழைகின்றோம்.

பாரிஸ் நகரை அடுத்த புட்டோ என்னும் ஊரில் ஷார்ல் மோஷே என்பார் இலேசான வண்டிகளைச் செய்து வந்தார். அவர் மகன் ஜார்ஜ் சிறுவனாயிருக்கையில் சைக்கிள் வேண்டுமென்றான். பிள்ளை விழுந்துவிடுவானே என்று தாய் அஞ்சினாள். (தாய்மார் எந்நாட்டிலும் ஒரே விதந்தான்!) ஆகவே தந்தை, நான்கு சக்கரமுள்ள மிதிவண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். அதைக் கண்ட பெரியவர்களும் தமக்கொன்று கேட்கலாயினர். ஒட்டுப்பலகை உடலுடன், இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் ‘வெலோகார்’ இவ்வாறு தோன்றிற்று.

பின்னர் ஷார்ல் அதைப் பாதியாக்கியதுபோல், சாய்ந்தமர்ந்து மிதிக்கும் இருசக்கர வண்டியையும் அமைத்தார். 1933 ஜூலை 7ஆம் நாள் பிரான்சிஸ் போர் என்னும் வீரர் அதிலேறி ஒரு மணியில் 45 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகச் சென்று, 1914 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம், அது சைக்கிளே அன்று எனத் தீர்ப்பளித்தது. அதே 1934இல் ஷார்லும் காலமானார். எப்பிள்ளைக்காக முதல் வண்டி செய்யப்பட்டதோ, அப்பிள்ளையின் கைக்கே பட்டறை வந்தது.

1940இல் ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றினர். பொதுமக்களுக்குப் பெட்ரோல் அரிதாயிற்று. மிதித்தோடும் வெலோகாருக்கோ கிராக்கி பெருகிற்று. போர் முடிந்தும் பெட்ரோல் ரேஷன் 1949 வரை நீங்கவில்லை. ஜார்ஜ் தம் சிறு வண்டிகளில் சிறு எஞ்சினைப் பொருத்தலானார். 1951இல் வெளிவந்த ‘சி.எம். 125’ இருவர் அமரும் கார். அதன் எஞ்சின் 125 சி.சி. அளவுள்ள ‘இத்ரால்’. லார்தி என்னும் தம் பெயரையே தலைகீழாக்கி அதற்குச் சூட்டியிருந்தார் எஞ்சின் செய்தவர்.

125 என்ற எண் தற்செயலன்று. அவ்வளவுக்கு மேற்படாத வண்டியை ஓட்ட அந்நாளில் பிரான்சில் லைசென்ஸ் தேவையில்லை. நாள்தோறும் விதிப்புத்தகத்தைப் புரட்டும் நமக்கு இது நன்கு விளங்கும்: விதியின் ஒரு வரி ஒரு தொழிற்சாலையையே வாழவைத்தது. 1950களின் பிற்பகுதியில் அவ்வரி மாறிற்று. லைசென்ஸ் எடுத்தே தீரவேண்டுமெனில், ரெனோ 4 சி.வி.யோ சித்ரோயன் 2 சி.வி.யோ பழையதாகவேனும் வாங்கலாமே என்று மக்கள் எண்ணினர். 1958ஐ ஒட்டி மோஷே கார்களின் உற்பத்தி நின்றது.

2020இல் சித்ரோயன் நிறுவனம் ‘ஆமி’ என்னும் இருவர் அமரும் சிறு மின்சார வண்டியை வெளியிட்டது. பிரான்சில் பதினான்கு வயதுப் பிள்ளைகளும் அதை ஓட்டலாம். ஸ்கூட்டரினும் இது மேலென்று வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அங்கு உண்டு.