தீர விசாரிப்பது எப்படி?



"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காண்பதும் கேட்பதும் போதாது, விசாரிக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் விசாரிப்பது எப்படி? யார் யாரிடம் விசாரிப்பது? இன்றைய பேச்சில் இந்தக் கேள்வியை நம் தோட்டத்து வரலாற்றோடு சேர்த்துச் சிந்திப்போம்.

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி என்று பொருள். அதைச் சுற்றியுள்ள பத்து காவான், வால்டோர், சுங்கை பாக்காப், நிபோங் திபால் ஆகிய ஊர்கள் நமக்குப் பழக்கமானவை. ஆங்கிலேயர் 1800-ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து பெற்று, புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று பெயரிட்ட நிலப்பகுதி இது. ரப்பர் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அந்தக் கரும்பை நட்டு, வெட்டி, ஆலைக்குக் கொண்டு சேர்க்க நம் முன்னோர் கடல் கடந்து வந்தார்கள். மலாயாவில் தமிழ்த் தொழிலாளர் கூட்டமாகக் குடியேறிய மிகப் பழைய இடங்களுள் இதுவும் ஒன்று. பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்று பத்து காவானில் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலம் அங்கேதான் கரை சேர்கிறது.

இத்தனை மாறுதல்களையும் தம் உடம்பால் தாங்கியவர்களின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

பெரும்பாலும் விசாரணை அறிக்கைகளில் எழுதப்பட்டிருக்கிறது. நீரிணைக் குடியேற்றங்களின் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ஆணைக்குழு 1890-இல் அறிக்கை தந்தது. சென்னை அரசு அனுப்பிய மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரும் இலங்கையையும் மலாயாவையும் பார்த்து 1917-இல் அறிக்கை தந்தனர். வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1936-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தார். அவருடைய அறிக்கை 1937-இல் வெளிவந்தது. இவை பயனுள்ள ஆவணங்கள்தாம். சம்பளம் எவ்வளவு, சாவு எத்தனை, மருத்துவமனை உண்டா, பள்ளிக்கூடம் உண்டா என்பனவற்றை இவற்றிலிருந்து அறிகிறோம்.

ஆனால் விசாரணை நடந்த இடத்தைச் சற்றே மனக்கண்ணில் நிறுத்திப் பார்ப்போம். வெளியூரிலிருந்து கோட்டு அணிந்த பெரிய மனிதர் வருகிறார். துரையின் வாகனத்தில் வருகிறார். துரையின் பங்களாவில் உணவருந்துகிறார். பக்கத்தில் கிராணி நிற்கிறார், கங்காணி நிற்கிறார். "உனக்கு ஏதாவது குறை உண்டா?" என்று தொழிலாளியைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? வந்தவர் மாலையில் போய்விடுவார். நாளைக் காலைப் பெரட்டில் நிற்க வேண்டியவர் தொழிலாளி அல்லவா?

இதற்கு ஒரு சான்று உண்டு. சாஸ்திரியார் அறிக்கை வந்து நான்கே ஆண்டுகளில், 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. மருத்துவ வசதி இருந்தது. பிள்ளைகளின் கல்வி இருந்தது. பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்பதும் இருந்தது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமாரோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமலே போக எங்களை அனுமதிக்க வேண்டும் என்பதே அது. அந்த வேலைநிறுத்தம் படைகொண்டு அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

சைக்கிளை விட்டு இறங்குவது சிறிய செய்தியா? சம்பளக் கணக்குப் பார்ப்பவருக்குச் சிறியது. பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும் ஒரு தகப்பன், அந்தப் பிள்ளையின் கண்முன்னே இறங்கி ஒதுங்கி நிற்பதை எண்ணிப் பாருங்கள். ஆணைக்குழுவின் கேள்விப் பட்டியலில் சைக்கிளுக்கு ஓர் இடம் இருப்பதில்லை. கேளாத கேள்விக்குப் பதிலும் இல்லை. அந்தப் பதில் வேலைநிறுத்தமாக வெளிப்பட்டது.

இந்தக் குறையை உலக அறிஞர்கள் சிலரும் வேறு வழிகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரான்சு நாட்டின் மிஷேல் ஃபூக்கோ, அறிவும் அதிகாரமும் கைகோத்து நடப்பவை என்று காட்டினார். ஒருவரைப் பற்றி எழுதிப் பட்டியலிடும் வேலையே அவரை ஆளும் வேலையாகவும் அமையக் கூடும். அதே நாட்டின் ழாக் தெரிதா, ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பதை மட்டுமல்லாமல் அது வெளியே தள்ளிவிட்டதையும் படிக்க வேண்டும் என்றார். இவர்களைப் பின்னமைப்பியல் சிந்தனையாளர் என்பர்.

பெயர் பெரிது, கருத்து நமக்கு எட்டாததன்று. 'கூலி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். தோட்டத்து ஆங்கில ஆவணங்களிலோ அது உழைப்பவருக்கே பெயராகிவிட்டது. சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், ஊருக்கும் குலதெய்வத்துக்கும் தாய்தகப்பனுக்கும் உரியவராக வந்த மனிதர், ஏட்டில் தம் சம்பளமாகச் சுருங்கிப்போனார். 'ஓடிப்போனவர்' என்ற இன்னொரு சொல். ஒப்பந்தக் காலத்தில் அது குற்றத்தின் பெயர். அடிக்கும் பசிக்கும் தப்பி வெளியேறியவருக்கோ அது விடுதலையின் பெயராக இருந்திருக்கலாம்.

கல்கத்தாவில் பிறந்த காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக், அடித்தட்டு மக்கள் பேச முடியுமா என்று 1988-இல் ஒரு கட்டுரையில் கேட்டார். அவர்களுக்கு வாய் இல்லை என்பதல்ல அவர் கருத்து. அவர்கள் பேசினாலும் அதைப் பேச்சாக ஏற்கும் செவி அதிகார இடங்களில் இல்லை என்பதே.

சயாம் மரண ரயிலை நினைத்துக்கொள்வோம். 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதை அது. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் 6,000-க்கு மேல் வரிசையாக, பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. அவர்களைவிடப் பன்மடங்கு இறந்த ஆசியத் தொழிலாளருக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. அவர்களுடைய கதை நம் வீட்டுத் திண்ணைகளிலும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்களிலுமே தங்கியது. ஏட்டில் இல்லாதது நடக்காதது ஆகிவிடுமா?

இனி இரண்டாவது சிந்தனைக்கு வருவோம். வரலாற்றில் பேசுவோர் மனிதர் மட்டும்தானா? மரத்துக்கும் கொசுவுக்கும் கருவிக்கும் அதில் பங்கில்லையா? இவ்வாறு கேட்போரை மனிதமையம் கடந்த சிந்தனையாளர் எனலாம்.

ரப்பர் மரத்தைக் கேட்போம். வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுதி. அப்போதுதான் பால் நன்றாக ஓடும். ஆகவே விடியுமுன் பெரட்டு. ஆகவே இருட்டில் உலை வைத்து, தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு ஓடும் தாய். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு கடிகாரத்தை மரமும் கம்பெனியும் சேர்ந்து நம் வீட்டுக்குள் வைத்தன.

கொசுவைக் கேட்போம். மருத்துவர் மால்கம் வாட்சன் 1901-இல் கிள்ளானில் மலேரியாவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார். கடலோரச் சதுப்பில் காட்டை வெட்டி, கால்வாய் வெட்டி, நீரை வடித்தபோது காய்ச்சல் தணிந்தது. அதே முறையில் மலைப்பாங்கான இடத்தில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் பெருகியது. காரணம், வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகும் வேறு வகைக் கொசு அங்கே இருந்தது. தோட்டம் திறந்ததே சாவைத் திறந்துவிட்டது. இறந்தவர் வலுவற்ற உடம்புக்காரர் என்று எழுதிவிடுவது எளிது. ஓடையையும் வெயிலையும் சேர்த்து விசாரித்தால்தான் உண்மை தெரியும்.

டோனா ஹாராவே, அன்னா சிங் முதலிய அறிஞர்கள் 2014-ஆம் ஆண்டு முதல் நாம் வாழும் யுகத்தையே 'தோட்ட யுகம்' என்று அழைக்கலாமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். ஓரிடத்துச் செடியையும் வேறிடத்து மனிதரையும் பெயர்த்துக் கொண்டுவந்து, ஒரே பயிராக நட்டு, ஒரே கணக்கில் அடக்கிய முறை உலகத்தையே மாற்றியது என்பது அவர்கள் வாதம். எலிசபெத் செயின்ட் பியர் என்னும் அமெரிக்கக் கல்வியாளரோ, பேட்டி எடுத்து, எழுதி, தலைப்பு வாரியாகப் பிரித்துவிட்டால் ஆய்வு முடிந்தது என்னும் பழக்கத்தையே 2011 முதல் கேள்விக்கு உள்ளாக்கினார்.

ஆனால் நாம் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மனிதரை நடுவிடத்திலிருந்து நகர்த்துங்கள் என்று அறிஞர் சொல்லும்போது, நம்மவர் எப்போது நடுவிடத்தில் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. தோட்டக் கணக்கில் மரத்துக்கு எண், நிரைக்கு எண், தொழிலாளிக்கும் ஓர் எண் இருந்தது. பொருளோடு பொருளாக எண்ணப்பட்டவர்களுக்கு மனிதர் என்னும் மதிப்பே முதலில் கிடைக்க வேண்டிய கடன். ஆகவே மரத்தையும் கொசுவையும் விசாரிப்பது மனிதரை மறக்க அல்ல. அவர் சுமந்த சுமையை முழுமையாக அறியவே என்று கொள்வோம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஆண்ட்ரூ வில்ஃபோர்டு என்னும் அமெரிக்க மானிடவியலாளர், எஸ். நாகராஜனின் துணையோடு, சிலாங்கூரில் தோட்டங்கள் புறநகர்களாக மாறியபோது வெளியேற்றப்பட்ட தமிழர்களிடையே ஆய்வு செய்து 2014-இல் நூல் வெளியிட்டார். தெரிதாவின் சிந்தனையை அதில் பயன்படுத்தினார். சட்டத்தின் கண்ணில் நிலப்பட்டா ஒன்றே சான்று. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கோ கோயிலும் மரமும் முன்னோரின் கல்லறையும் சான்று. சட்டம் முடிந்துபோன இடத்திலும் நீதி பற்றிய கேள்வி முடியாமல் நிற்கிறது என்பதை அந்நூல் காட்டுகிறது.

நேயர்களே, தோட்டம் மறைந்தபின் தோட்டத்தைக் கேட்க முடியாது. ஆகவே நம் வீட்டிலேயே இன்று தொடங்குவோம். பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "என்னமோ இருந்தோம்" என்றுதான் பதில் வரும். பாட்டி அடுப்படியில் இருக்கும்போது கேளுங்கள். தாத்தாவின் கையில் பழைய உளியையோ மங்கையோ கொடுத்துக் கேளுங்கள். கை அறிந்ததை வாய் பிறகு சொல்லும். பழைய சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், கோயில் திருவிழா நோட்டீசு ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். சொன்னதைத் தேதியிட்டு, சொன்னவர் சொல்லிலேயே எழுதுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஒருவரோடு நிறுத்திவிடாதீர்கள். வெட்டுமரக்காரர் கதை வேறு, புல்வெட்டுக்காரர் கதை வேறு; ஆண் சொல்வது வேறு, பெண் சொல்வது வேறு. அவர் பேசாமல் நிறுத்திய இடத்தில் நீங்களும் பொறுத்திருங்கள். அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் அவருக்கே படித்துக் காட்டுங்கள். "இல்லை, அப்படியில்லை" என்று அவர் திருத்தினால் மகிழுங்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக நம்மைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகளைத் திருத்த நம்மவருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.