மாட்டுக் காசநோய்க் கிருமி தப்பும் வழி: ஒரு நூற்றாண்டுத் தேடல்

1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக், மனிதரையும் மாட்டையும் தாக்குவது ஒரே கிருமிதான் என்று கருதினார். 1898இல் அமெரிக்காவின் தியோபால்டு ஸ்மித் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். 1901 லண்டன் மாநாட்டில் கோக், மாட்டுக் கிருமியால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்றார். அதைத் தவறென்று நிறுவ பிரிட்டனின் அரச ஆணையத்துக்குப் பத்தாண்டு பிடித்தது. கிருமியின் அடையாளம் பற்றிய வழக்கு இப்படி நீண்டுகொண்டிருக்க, உடலுக்குள் அது எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்வியைத் தொழுவத்துச் சோதனைதான் முன்வைத்தது.

கோக் 1890இல் மருந்தாகக் கொண்டுவந்த டியூபர்குலின் நோயைக் குணப்படுத்தவில்லை. ஆனால் நோயறியும் கருவியாக இன்றுவரை நிலைத்துவிட்டது. மாட்டின் கழுத்தில் மயிரைக் கத்தரித்து, தோலை மடித்துக் காலிப்பரால் தடிமனை அளந்து, 0.1 மில்லிலிட்டர் டியூபர்குலினைத் தோலுக்குள் ஏற்றுகிறார்கள். 72 மணி நேரம் கழித்து அதே இடத்தை மீண்டும் அளக்கிறார்கள். கிருமியை ஏற்கெனவே சந்தித்த டி செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் செல்கள் உடலில் இருந்தால் அந்த இடம் தடிக்கும். ஆனால் நுரையீரலெங்கும் கட்டிகள் பரவிய மாட்டுக்குச் சில நேரம் சிறு தடிப்புகூட வராது. முற்றிய நோயாளியே சோதனையில் தேறி, மந்தையோடு நின்று கிருமியைப் பரப்பும். இதைச் சோதனையின் குறையாக மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. எதிர்ப்பாற்றலைக் கிருமி படிப்படியாக முடக்கியதன் கடைசிக் கட்டம் இது என்பதே என் துணிபு.

முதல் கட்டம் 1971இல் வெளிச்சத்துக்கு வந்தது. லண்டனில் ஆம்ஸ்ட்ராங்கும் டார்சி ஹார்ட்டும், கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் மேக்ரோபேஜ் செல்களின் செரிமானப் பைகளான லைசோசோம்களில் ஃபெரிட்டின் என்னும் இரும்புப் புரதத்தை அடையாளமாக ஏற்றினார்கள். பிறகு மனிதக் காசநோய்க் கிருமியை விழுங்கவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விழுங்கிய கிருமியைச் செல் ஒரு தனிப் பைக்குள் அடைத்துவைக்கும். இறந்த கிருமி இருந்த அத்தகைய பைகளில் ஃபெரிட்டினின் கரும்புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. உயிருள்ள கிருமி இருந்த பைகள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. தன்னைச் செரிக்க வரும் லைசோசோம் தன் பையோடு இணையாதபடி கிருமியே தடுத்துக்கொள்கிறது! இத்துறையின் பிற்கால ஆய்வுகள் பல இந்தப் படங்களுக்குக் கடன்பட்டவை. பையின் சுவரில் அமிலம் ஏற்றும் புரோட்டான் பம்பு சேராமல் போவதை 1994இல் பறவைக் காசநோய்க் கிருமியைக் கொண்டு காட்டினார்கள். கிருமியின் மெழுகு போன்ற உறையிலுள்ள கொழுப்புப் பொருள்களும், அது சுரக்கும் சில நொதிகளும் இந்தத் தடைக்குத் துணைபோவது பிறகு தெளிவானது.

அடுத்த தடயம் பிசிஜி தடுப்பூசிக்குள் கிடந்தது. மடிக் காசநோய் கண்ட மாட்டின் பாலிலிருந்து நொக்கார் பிரித்த கிருமியைக் கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 1921 வரை, பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அந்தத் தடுப்பூசியை உருவாக்கினார்கள். கிருமியின் வீரியம் ஏன் அடங்கியது என்பதற்கு 1996இல் ஒரு பெரிய விடை கிடைத்தது: ஆர்டி1 என்ற மரபணுப் பகுதி எல்லா பிசிஜி வகைகளிலும் விடுபட்டிருந்தது. ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்னும் புரதங்களுக்கான மரபணுக்கள் அப்பகுதியில் உள்ளன. அவற்றை வெளியேற்றும் சுரப்பு அமைப்பின் உதவியால்தான் கிருமி பையின் சுவரைச் சிதைத்து செல்லுக்குள் பரவுகிறது.

இந்த இழப்பு பழைய சிக்கல் ஒன்றுக்கும் வழி திறந்தது. பிசிஜி போட்ட மாடும் டியூபர்குலினுக்குத் தடிக்கும் என்பதால், பல நாடுகள் மாட்டுக்கு அந்த ஊசியையே அனுமதிக்கவில்லை. டியூபர்குலினுக்குப் பதிலாக ஈசாட்-6 போன்ற புரதங்களை ஏற்றினால், நோய் தொற்றிய மாடு மட்டும் தடிக்கும். ஊசி மட்டும் போட்ட மாடு தடிக்காது. இங்கிலாந்தில் 2021 முதல் தடுப்பூசியோடு இந்தச் சோதனையையும் பண்ணை மாடுகளிலேயே பரிசோதித்து வருகிறார்கள்.